‘அஷ்டதிக்கஜம்’ என்னும் சொல்

ஸ்வாமி மணவாள மாமுனிகளின் (1370-1443) திருவடிகளை ஆச்ரயித்த எண்மரை ‘அஷ்டதிக்கஜங்கள்’ என்று நம் ஸம்ப்ரதாயம் வழங்குகிறது. திக்குக்கு ஒருவராக நின்று ஆண்டவர்கள் என்றே இதற்குப் பெரும்பாலோர் பொருள் கொள்வர். சொல்லின் பிறப்போ வேறொன்றைக் காட்டுகிறது.

‘திக்’ என்பது திசை; ‘கஜம்’ யானை. ஸ்ரீராமாயண பாலகாண்டத்தில் ஸகர புத்ரர்கள் பூமியை அகழ்ந்து செல்கையில் விரூபாக்ஷம், மஹாபத்மம், ஸௌமநஸம், பத்ரம் என்னும் நான்கு யானைகளைக் காண்கிறார்கள். அவை பூமியைத் தலையால் தாங்கி நிற்பவை. விரூபாக்ஷம் இளைப்பினால் தலையை அசைக்கும்போது நிலம் நடுங்கும் என்பது அங்குள்ள வர்ணனை. அமரகோசம் ஐராவதம் தொடங்கி ஸுப்ரதீகம் ஈறாக எட்டு யானைகளைக் கூறும். ஆகவே திக்கஜம் என்ற சொல்லில் முதன்மையாகத் தோன்றுவது ஆளுகையன்று, பாரம் சுமத்தல்.

எம்பெருமானார் நியமித்தருளிய 74 ஆசார்யர்களுக்கோ ‘ஸிம்ஹாஸநாதிபதிகள்’ என்று பெயர். ஒன்று ஆஸநத்தைச் சொல்ல, மற்றொன்று சுமையைச் சொல்லுகையால் இவ்விரண்டும் முரணாதோ என்னில், முரணாது. ஸிம்ஹாஸநம் சிஷ்யன் ஆசார்யனிடத்தில் காணவேண்டிய பெருமை. பாரம் ஆசார்யன் தன்னிடத்தில் உணரவேண்டிய கடமை.

எண்மரில் வானமாமலை ஜீயர், திருவேங்கட ஜீயர், பட்டர்பிரான் ஜீயர் ஆகிய மூவர் ஸந்யாஸிகள். கோயில் அண்ணன், ப்ரதிவாதி பயங்கரம் அண்ணன், எறும்பியப்பா, அப்பிள்ளை, அப்பிள்ளார் ஆகிய ஐவர் க்ருஹஸ்தர்கள். கோயில் அண்ணன் முதலியாண்டான் திருவம்சத்தவர். ப்ரதிவாதி பயங்கரம் அண்ணனின் வாதத்திறமையை அவர் திருநாமமே சொல்லும். ஆச்ரமத்தாலும் குடியாலும் வேறுபட்ட இவர்களை ஒரே சொல்லில் அடக்கியிருப்பது கருதத்தக்கது.

இவர்கள் ஒத்த அதிகாரமுடையராயின் முதல்வர் யார் என்னில், வானமாமலை ஜீயரையே முதலில் எண்ணுவது மரபு. ஆயினும் எண்ணுவதில் முதன்மை உண்டேயன்றிச் சுமப்பதில் உயர்வு தாழ்வு இல்லை. யானைகள் பலவாயினும் அவை தாங்கும் பூமி ஒன்றே. அதுபோல் எண்மரும் தாங்கியது மாமுனிகள் வளர்த்தருளிய தர்சனம் ஒன்றையே.

இத்திருமாளிகைக்கு முன்மரியாதையா, அத்திருமாளிகைக்கா என்னும் வாதம் இன்றும் எழுவதுண்டு. அப்போது நம் முன்னோர் ஸிம்ஹாஸநத்தோடு யானையையும் உவமையாக வைத்துப்போந்ததை நினைத்தல் நலம். மரியாதையில் முன்பின் உண்டாகலாம். ஆனால் ஒரு யானை தளர்ந்தால் நடுங்குவது அதன் திசை மட்டுமன்று, அனைவரும் நிற்கும் பூமியே.