தோழியர் காத்த நினைவு

கையறுநிலை என்பது நம் புறத்திணை மரபில் ஒரு துறை. தலைவன் இறந்துபட, அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செயலற்று நின்று இரங்கிப் பாடுவது அத்துறையின்பாற்படும். மாண்ட மறவனுக்கு நடுகல் எடுப்பதும் நம் மரபே. தொல்காப்பியம் அதன் படிநிலைகளை முறைப்பட வகுத்துரைக்கின்றது. ஆயின், மன்னனுக்கும் மறவனுக்கும் கிட்டிய இச்சிறப்பு, ஏடும் எழுதுகோலும் ஏந்திய பள்ளி மாணவர்க்குக் கிட்டியதுண்டா? ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒன்றாய்ப் பயின்று, ஒன்றாய் உண்டு வாழ்ந்த தோழர்களை இளமையிலேயே சாவுக்குப் பறிகொடுத்தவர் அவர்களை எவ்வாறு நினைவிற் கொள்வது? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக ஈந்தவர்கள், ஜப்பானின் தென்பால் அமைந்த ஒக்கினாவாத் தீவின் ஹிமேயுரி மாணவியர். ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோரும் மேற்கொள்ள விழைவோரும் அவர்தம் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், அம்மாணவியருட் பெரும்பாலோர் ஆசிரியராகப் பயிற்சி பெற்று வந்தவர்களே.

இரு பள்ளிகள்

ஒக்கினாவாவின் தலைநகராகிய நாஹாவை ஒட்டிய அசாத்தோ என்னுமிடத்தில் இரண்டு கல்விக்கூடங்கள் ஒரே வளாகத்தில் இயங்கி வந்தன. ஒன்று, பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. மற்றொன்று, முதலாம் மகளிர் உயர்நிலைப் பள்ளி. வாயிலை நோக்கிச் செல்லும் வழியின் இருமருங்கும் மரங்கள் நிழல் பரப்பி நின்றன. தீவின் பல ஊர்களிலிருந்தும் வந்த மாணவியர் விடுதியில் தங்கிப் பயின்றனர். இவ்விரு பள்ளிகளின் இதழ்கள் ‘ஒத்தோஹிமே’ எனவும் ‘ஷிராயுரி’ எனவும் பெயர் பெற்றிருந்தன. அவ்விரு பெயர்களின் கூறுகளையும் இணைத்தே ‘ஹிமேயுரி’ என்னும் பெயர் பிறந்தது. பின்னாளில் உலகம் கண்ணீரோடு உச்சரித்த அப்பெயர், தொடக்கத்தில் ஒரு பள்ளி இதழின் பெயராக இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

போர் நெருங்க நெருங்கப் பள்ளியின் இயல்பு மாறியது. பாடவேளைகள் குறைந்தன, மாணவியர் பதுங்குகுழி தோண்டவும் படைத்தளங்களில் பணிபுரியவும் அழைக்கப்பட்டனர். செவிலியர் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பேரரசருக்காக உயிர் துறப்பதே பிறவிப்பயன், பகைவரிடம் பிடிபடுதல் மாளாப் பழி என்ற கருத்து வகுப்பறையிலேயே அவர்தம் நெஞ்சில் பதிக்கப்பட்டது.

தொண்ணூறு நாட்கள்

1945ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் இரவு, 222 மாணவியரும் 18 ஆசிரியரும் பள்ளியை விட்டுப் புறப்பட்டு, ஹைபாருவில் அமைந்த ஒக்கினாவாப் படை மருத்துவமனைக்கு நடந்தனர். மாணவியருள் 157 பேர் பயிற்சிப் பள்ளியைச் சார்ந்தவர். 65 பேர் உயர்நிலைப் பள்ளியைச் சார்ந்தவர். பதினைந்து முதல் பத்தொன்பது அகவையினரான அவர்கள், சில நாட்களிற் பள்ளிக்குத் திரும்பிவிடலாம் என நம்பினர்; பலர் பாடநூல்களையும் எழுதுபொருள்களையும் உடன் எடுத்துச் சென்றனர். செஞ்சிலுவைக் கொடியின்கீழ்ப் பாதுகாப்பான இடத்தில் நோயாளரைப் பேணுவதே தம் பணி என்று எண்ணியிருந்தனர்.

அங்கு அவர்கள் கண்டதோ குன்றின் பக்கவாட்டில் மனிதர் கையால் தோண்டிய குகைகள். அங்கு மார்ச் 29ஆம் நாள் இரவில், மங்கிய விளக்கொளியிற் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. அவ்விழாவிற் பாடுவதற்கென்றே இளம் இசையாசிரியர் ஒருவர் பிரிவுப் பாடலொன்றுக்கு இசையமைத்து மாணவியர்க்குக் கற்பித்திருந்தார். எனினும் அவ்விரவில் ஒலித்தது அப்பாடலன்று, போர்க்காலப் பாடலே.

ஏப்ரல் 1ஆம் நாள் அமெரிக்கப் படைகள் தீவின் முதன்மை நிலப்பரப்பில் இறங்கின. அதன் பின்னர்க் குகைகள் காயமுற்ற வீரர்களால் நிரம்பி வழிந்தன. மருந்தில்லை, நீரில்லை, காற்றும் போதவில்லை. அறுவை நிகழுங்கால் வீரரின் கைகால்களைப் பிடித்துக்கொள்ளுதல், புண்ணில் நெளியும் புழுக்களை அகற்றுதல், குண்டுமழைக்கிடையே வெளியே சென்று நீரும் உணவும் சுமந்து வருதல், இறந்தோரைப் புதைத்தல் ஆகியவையே அச்சிறுமியரின் அன்றாடப் பணிகளாயின.

மே மாத இறுதியிற் படை தெற்கு நோக்கிப் பின்வாங்கியது. நடக்க இயலாத வீரர்கள் குகைகளிலேயே விடப்பட்டனர். பலர்க்கு நஞ்சு வழங்கப்பட்டது. படுகாயமுற்ற தோழியரையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. தெற்கே இஹாரா வட்டாரத்து இயற்கைக் குகைகளிற் புகலடைந்த அவர்களுக்கு, ஜூன் 18ஆம் நாள் இரவு ஓர் ஆணை வந்தது. மாணவர் அணி கலைக்கப்பட்டது. இனி அவரவர் தம் விருப்பப்படி செல்லலாம் என்பதே அவ்வாணை. நாற்புறமும் பகைவர் சூழ்ந்திருக்க, குகைக்கு வெளியே குண்டுகள் வெடித்துக்கொண்டிருக்க, அவர்கள் எங்கே செல்வர்?

மறுநாட் காலை, மூன்றாம் அறுவைப் பிரிவு தங்கியிருந்த குகை தாக்கப்பட்டது. அவ்வொரு குகையில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியரும் மாணவியரும் மாண்டனர். பிரிவுப் பாடலுக்கு இசையமைத்த ஆசிரியரும் அங்கேயே உயிர் நீத்தார். கடற்கரையை அடைந்த சிலர், பிடிபடுதற்கு அஞ்சிக் கையெறிகுண்டால் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டனர். ஒரு கணக்கு இவ்வரலாற்றின் கொடுமையைத் தெளிவாகக் காட்டும். அணி கலைக்கப்படும் வரையில் ஏறத்தாழ 90 நாட்களில் மாண்டவர் 19 பேர். கலைக்கப்பட்ட பின் சில நாட்களிலேயே மாண்டவர் நூற்றுக்கும் மேற்பட்டோர். மருத்துவமனைக்குச் சென்ற 240 பேருள் 136 பேர் மீளவில்லை. பிற இடங்களில் இறந்தோரையும் சேர்த்தால், அவ்விரு பள்ளிகளும் இழந்தோர் 227 பேர்.

நாற்பதாண்டு மௌனம்

போர் முடிந்தது. பள்ளிகள் மீண்டும் திறக்கப்படவில்லை. மாண்டோரின் எலும்புகள் வெட்டவெளியிற் சிதறிக் கிடந்தன. அவ்வட்டாரத்தில் குடியமர்த்தப்பட்ட மாவாஷி ஊர் மக்கள், தம் தலைவராகிய கின்ஜோ வாஷின் முன்னிற்க, அவற்றைத் திரட்டி அடக்கம் செய்தனர். தம் புதல்வியர் இருவரை ஹிமேயுரி அணியில் இழந்தவர் அவர். 1946ஆம் ஆண்டு ஏப்ரலில், மூன்றாம் அறுவைப் பிரிவின் குகை வாயிலருகே ஒரு சிறு கல் நாட்டப்பட்டது. ‘ஹிமேயுரி நினைவுத் தூண்’ என்று பெயர் பெற்ற அக்கல் உயரத்தில் மிகச் சிறியது. பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்த நடுகல் என்றே அதனைக் கொள்ளலாம்.

அதன் பின்னர் அவர்தம் கதை நாடெங்கும் பரவியது. புதினம் எழுதினர், 1953ஆம் ஆண்டு முதற்கொண்டு பலமுறை திரைப்படமும் எடுத்தனர். தூய்மையே உருவான கன்னியர், நாட்டிற்காக மலர்போல் உதிர்ந்தனர் என்று காண்போர் கண்ணீர் உகுத்தனர். ஆனால் உயிர் பிழைத்த தோழியரோ வாய் திறந்திலர். தாம் மட்டும் உயிரோடு மீண்டோமே என்னும் எண்ணம் அவர்களை வாட்டியது. இறந்த தோழியின் தாயை எதிரே காண நேரினும் அவர்கள் உள்ளம் கூசியது. அழகுபடுத்திய அக்கதையில் தம் தோழியரின் உண்மை முகத்தை அவர்களாற் காண இயலவில்லை. எனினும், உள்ளதை உள்ளவாறு உரைப்பதற்கும் நா எழவில்லை. இஃதன்றோ மெய்யான கையறுநிலை?

இம்மௌனத்தை முதலிற் கலைத்தவருள் ஒருவர் நகசோனே செய்சென் என்னும் ஆசிரியர். மாணவியரை அழைத்துச் சென்ற ஆசிரியருள் ஒருவர் அவர். இறுதி நாட்களில் தாமும் காயமுற்ற நிலையில், கியான் முனையில் தம்மோடிருந்த மாணவியர் தம்மை மாய்த்துக்கொள்ளாதவாறு தடுத்து, அவர்களோடு சரணடைந்தார். 1951ஆம் ஆண்டிலேயே பிழைத்தோரின் குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கினார். பின்னாளிற் பேராசிரியராக விளங்கி, ஒக்கினாவாவின் வட்டார மொழிகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். ஆயினும், நடக்க இயலாத மாணவியை விட்டுப் பிரிந்த துயரும், அம்மாணவியர்க்குத் தாமும் தம் உடனாசிரியரும் எதைக் கற்பித்தோம் என்னும் வினாவும் 1995இல் மறையும் வரை அவரை விட்டு நீங்கவில்லை.

ஒவ்வொருவராக

1982ஆம் ஆண்டிற் பழைய மாணவியர் சங்கம் ஒரு தீர்மானம் இயற்றியது. தம் தோழியரின் வாழ்வையும் சாவையும் எடுத்துரைக்கும் ஓர் அருங்காட்சியகத்தைத் தாமே எழுப்புவது என்பது அது. அப்போது அவர்கள் ஐம்பது அகவையைக் கடந்தவர்கள். பலர் ஆசிரியராகப் பணியாற்றியவர்கள். நிதி திரட்டினர். நாற்பதாண்டுகளாக நினைக்கவும் அஞ்சிய குகைகளுக்குள் மீண்டும் இறங்கி, மண்ணை அகழ்ந்து, பள்ளிப் பொருள்களையும் தோழியரின் எச்சங்களையும் தேடினர். இறந்தோரின் இல்லங்களை நாடிச் சென்று ஒளிப்படங்களைக் கேட்டுப் பெற்றனர். பள்ளியும் வீடுகளும் எரிந்துபோன தீவில் ஒருத்தியின் ஒளிப்படத்தைத் தேடிப் பெறுவதே அரும்பணியாயிற்று.

1989ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ‘ஹிமேயுரி அமைதி அருங்காட்சியகம்’ திறக்கப்பட்டது. நகசோனே செய்சென் அதன் முதல் இயக்குநரானார். அங்கே ஒரு கூடத்தின் சுவர்களில் மாண்டோரின் ஒளிப்படங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் கீழும் பெயர். அவள் எத்தகைய இயல்பினள் என்னும் குறிப்பு. எங்கே, எவ்வாறு இறந்தாள் என்னும் செய்தி. அவ்வளவே. ‘வீராங்கனை’ என்னும் பட்டம் இல்லை. உயர்வு நவிற்சி இல்லை.

இப்பணியின் அருமையை நாம் நன்கு சிந்தித்தல் வேண்டும். இறந்தோரின் எண்ணிக்கையை அரசு அறியும். புகழைக் கவிஞன் பாடுவான். ஆனால் இன்னவள் விடுதியில் எவ்வாறு சிரித்தாள், எந்தப் பாடத்தில் நாட்டம் உடையவள், எதற்கு அஞ்சினாள் என்பவற்றை உடன்பயின்ற தோழியல்லாது வேறு யார் அறிவர்? பெற்றோரும் அறியாத அவ்வாழ்வுக்கு வகுப்புத் தோழியே ஒரே சான்று. அச்சான்று வாய் திறவாமல் மறைந்தால், அவ்விளம்பெண் இரண்டாம் முறையும் இறந்தவளாவாள். ஆதலினாற்றான் அவர்கள் தம் துயரை அடக்கிக்கொண்டு பேசத் தொடங்கினர். அருங்காட்சியகத்தில் நின்று, நாடெங்கிலுமிருந்து வந்த மாணவர்க்கு ஆண்டுக்கணக்கில் சான்றுரைத்தனர். முதுமை வாட்டவே 2015ஆம் ஆண்டில் அவ்வுரைகளை நிறுத்தினர். 2021ஆம் ஆண்டிற் போரறியாத் தலைமுறையினர் காட்சிகளைப் புதுக்கி அமைத்து, அப்பணியைத் தொடர்கின்றனர்.

நமக்கு உரைப்பது

அதே போர் நம் மண்ணையும் மிதித்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் திரும்பாதோர் எத்துணையர்! தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் முறையாகப் பேணப்படுகின்றன. அப்பாதையில் மடிந்த நம் தோட்டத் தொழிலாளர்க்கோ அத்தகைய தனிக் கல்லறைகள் இல்லை. அவரோடு ஒரே தோட்டப் பள்ளியில் அரிச்சுவடி பயின்ற தோழர்களும் இன்று மறைந்து வருகின்றனர். அவர் நெஞ்சிலிருந்த பெயர்களும் அவரோடு மறைகின்றன.

ஹிமேயுரித் தோழியர் நமக்குக் காட்டும் வழி எளியது. பெருந்தூண் எழுப்புதல் முதற்பணியன்று. பெயரைத் தேடுதலே முதற்பணி. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. மாணவன் பெயர், பெற்றோர் பெயர், சேர்ந்த நாள், நீங்கிய நாள் என்னும் வரிகள் அதில் உள்ளன. பழைய பதிவேடுகளைக் கரையானுக்கு இரையாக்காது காத்தல் தலைமையாசிரியர் கடன். அவ்வரிகளைக் கொண்டு தத்தம் ஊர் முதியோரை அணுகி, உம்மோடு பயின்றவர் யாவர், அவர் எத்தகையர், என்ன ஆயினர் எனக் கேட்டு எழுதுதல் மாணவர் கடன். மொழிப்பாடத்தின் கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த பொருள் வேறில்லை.

ஆசிரியர்க்கோ இவ்வரலாறு மற்றொன்றையும் உணர்த்துகின்றது. அம்மாணவியர் குகைக்குள் சென்றது அன்று ஓரிரவில் நிகழ்ந்ததன்று. சாவைச் சிறப்பெனக் கற்பித்த பாடங்கள் பல்லாண்டுகளாக அவர்களை அங்கே அழைத்துச் சென்றுகொண்டிருந்தன. நாம் வகுப்பறையிற் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நம்மெதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையை வாழ்வுக்கு அழைக்கிறதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர்களை அழைக்கின்றோம்; ‘உள்ளேன் ஐயா’ என்னும் மறுமொழி வருகின்றது. அம்மறுமொழி நெடுங்காலம் ஒலிக்கச் செய்வதே கல்வியின் பயன். ஒலிக்காது போன பெயர்களையும் மறவாது எழுதி வைப்பது உடன்பயின்றோரின் அறம். ஆசிரியப் பெருமக்களும் மாணவச் செல்வங்களும் இவ்விரண்டையும் தம் கடமையெனக் கொள்வாராக!