ட்விங்கீஸ்: செத்துப் பிழைத்த ஒரு கேக்கின் கதை

மலருக்குக் கட்டுரை எழுதும் நம் நண்பர்கள் பேரரசுகளின் எழுச்சி, வீழ்ச்சி என்று பெரிய சரித்திரங்களாக எழுதுவது வழக்கம். நான் இந்த முறை ஒரு கேக்கின் எழுச்சி வீழ்ச்சியை எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். வணிகவியல், பொருளாதாரம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தும் அளவுக்கு இதில் சரக்கு இருக்கிறது.

கேக்கின் பெயர் ட்விங்கீஸ். பிறந்த நாடு அமெரிக்கா. விரல் நீளம், பொன்மஞ்சள் நிறம், பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். உள்ளே வெள்ளை க்ரீம். திருப்பிப் பார்த்தால் அடியில் மூன்று சின்னத் துளைகள். க்ரீமை அதன் வழியாகத்தான் உள்ளே செலுத்துகிறார்கள். ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு. அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவில் தலைமுறை தலைமுறையாக இடம்பிடித்த பண்டம் இது.

சும்மா கிடந்த தட்டுகள்

1930-ஆம் ஆண்டு. பெரும் பொருளாதார மந்தத்தின் தொடக்க காலம். சிகாகோ பக்கத்தில் கான்டினென்டல் பேக்கிங் கம்பெனியில் ஜேம்ஸ் டுவார் என்றொருவர் வேலை பார்த்தார். குதிரை வண்டியில் கேக் கொண்டுபோய் விற்கும் வேலையில் தொடங்கி மேலே வந்தவர். ஸ்ட்ராபெர்ரிப் பழம் வைத்த ஒரு கேக்குக்காக வாங்கிய தட்டுகள், பழம் கிடைக்கும் சில வாரங்கள் போக மீதி நாளெல்லாம் சும்மா கிடந்தது அவர் கண்ணை உறுத்தியது. அதே தட்டில் கேக் சுட்டு, உள்ளே வாழைப்பழ க்ரீம் வைத்தால் என்ன என்று யோசித்தார். ஐந்து சென்ட்டுக்கு இரண்டு கேக் என்று விலையும் வைத்தாயிற்று. செயின்ட் லூயிஸ் நகரத்தில் 'ட்விங்கிள் டோ' என்ற காலணிக் கம்பெனியின் விளம்பரப் பலகை அவர் கண்ணில் பட, பெயரும் கிடைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் வாழைப்பழம் கிடைப்பது அரிதானது. க்ரீம் வனிலாவுக்கு மாறியது. போர் முடிந்த பிறகும் வனிலாவே நிலைத்தது. பிறகு தொலைக்காட்சி வந்தது. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரம், 1970-களில் காமிக்ஸ் புத்தகங்களில் சூப்பர் ஹீரோக்களே கேக்கைக் கொடுத்து வில்லனை மடக்கும் விளம்பரம் என்று ஹோஸ்டஸ் என்ற வியாபாரப் பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

இந்தக் கேக் கெட்டே போகாது என்று ஒரு பேச்சு உண்டு. 1976-ல் மெய்ன் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் வேதியியல் வகுப்பில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. ஆசிரியர் ஒரு ட்விங்கீயை எடுத்துக் கரும்பலகை மேல் வைத்துவிட்டார். அது பல பத்தாண்டுகள் அந்தப் பள்ளியில் காட்சிப் பொருளாகவே இருந்தது! உண்மையில் கடையில் வைத்து விற்க அதற்கு இருந்த கெடு 26 நாள்தான். கேக் கெடாதோ என்னவோ, கம்பெனி கெட்டது.

கை மாறிக் கை மாறி...

1968-ல் கான்டினென்டலை ஐ.டி.டி. என்ற பெருநிறுவனம் வாங்கியது. 1984-ல் ரால்ஸ்டன் ப்யூரினா. 1995-ல் கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த இன்டர்ஸ்டேட் பேக்கரீஸ். இதற்குள் ஜனங்களின் வாய் மாறிவிட்டது. சர்க்கரையும் மாவுச்சத்தும் ஆகாது என்று டாக்டர்களும் பத்திரிகைகளும் சொல்ல ஆரம்பித்தார்கள். 'சின்ன வயசுல ரொம்பப் பிடிக்கும்' என்று சொல்லிக்கொண்டே கடையில் அதைத் தாண்டிப் போனவர்கள் ஏராளம்.

2004 செப்டம்பரில் இன்டர்ஸ்டேட் திவால் மனு கொடுத்தது. நீதிமன்றப் பாதுகாப்பில் நாலரை வருஷம் தள்ளி, 2009-ல் வெளியே வந்து, ஹோஸ்டஸ் பிராண்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடன் மட்டும் மாறவில்லை. 2012 ஜனவரியில் மறுபடியும் திவால். அப்போது கடன் சுமார் 86 கோடி டாலர்.

தப்பு யார் பேரில்? நிர்வாகம் சொன்ன கணக்கு இது: 372 தொழிற்சங்க ஒப்பந்தங்கள், எண்பது மருத்துவத் திட்டங்கள், நாற்பது ஓய்வூதியத் திட்டங்கள். ஒரே கடைக்குப் போகிற ரொட்டிக்கும் கேக்குக்கும் சில இடங்களில் தனித்தனி லாரி. இது தாங்காது என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

தொழிலாளர் பக்கக் கணக்கும் உண்டு. முதல் திவாலின்போதே அவர்கள் விட்டுக்கொடுத்தவர்கள். 2011-ல் கம்பெனி ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியது. சம்பளத்தில் விட்டுக்கொடுத்து, ஓய்வூதியத்தில் சேருங்கள் என்று தொழிலாளர் ஒதுக்கிய காசும் அன்றாடச் செலவில் கரைந்தது. இது 2012 டிசம்பரில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே மேலதிகாரிகளுக்குச் சம்பள உயர்வு தரப்பட்ட செய்தி வேறு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

2012 நவம்பர்

புதிய ஒப்பந்தப்படி சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டு. லாரி ஓட்டுநர்களின் சங்கமான டீம்ஸ்டர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டது. அடுப்படியில் நின்ற பேக்கரித் தொழிலாளர் சங்கம் முடியாது என்றது. நவம்பர் 9-ல் வேலைநிறுத்தம். நவம்பர் 16-ல் கம்பெனியையே மூடிவிடுகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது. சில நாளில் நீதிமன்றமும் சம்மதித்தது. 33 பேக்கரிகள் மூடப்பட்டன. சுமார் 18,500 பேருக்கு வேலை போயிற்று.

அதே வாரம் கடைகளில் ஒரு கூத்து நடந்தது. வருஷக்கணக்கில் அந்த அலமாரிப் பக்கம் போகாதவர்களெல்லாம் ஓடிவந்து பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். ஏலத்தில் பல மடங்கு விலை வைத்து விற்றவர்களும் உண்டு. இந்தப் பாசத்தில் பாதியை முன்னாடியே காட்டியிருந்தால் கம்பெனி கொஞ்சம் மூச்சுவிட்டிருக்குமே!

யானை இறந்தாலும் ஆயிரம் பொன்

மூடிய கம்பெனியைக் கூறு போட்டு விற்றார்கள். வொண்டர் ரொட்டி உள்ளிட்ட ரொட்டிப் பெயர்களை ஃப்ளவர்ஸ் ஃபுட்ஸ் 36 கோடி டாலருக்கு எடுத்தது. ட்விங்கீஸ் முதலான கேக்குகளை அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனமும், நொடித்த பெயர்களை வாங்கித் தூக்கி நிறுத்துவதில் பெயர் பெற்ற டீன் மெட்ரோபௌலோஸும் சேர்ந்து 41 கோடி டாலருக்கு வாங்கினார்கள். சில பேக்கரிகளும் இயந்திரங்களும் அதில் சேர்த்தி. ஆனால் விலை போனது முக்கியமாகப் பெயர்தான். பழைய ஓய்வூதியக் கடனும் பழைய சங்க ஒப்பந்தங்களும் அவர்கள் தலையில் ஏறவில்லை.

2013 ஜூலை 15-ல் ட்விங்கீஸ் மறுபடி கடைக்கு வந்தது. ஜனங்கள் கொண்டாடினார்கள். உள்ளே நடந்த மாற்றம்தான் நமக்குப் பாடம். கடை கடையாகச் சொந்த லாரியில் போடும் பழைய முறை போய், கிடங்குகளுக்கு மொத்தமாக அனுப்பும் முறை வந்தது. கிடங்கில் கிடந்தாலும் தாங்கும்படி கெடு 45 நாளாகவும், பிறகு 65 நாளாகவும் நீண்டது. கான்சாஸ் மாநிலத்து எம்போரியா பேக்கரியில் தானியங்கி இயந்திரங்கள் வந்தன. புதிதாக ஆள் எடுத்தபோது சங்கம் இல்லை. ட்விங்கீஸ் பிறந்த சிகாகோ வட்டாரத்தில், ஷில்லர் பார்க் ஊரில் திறந்த பேக்கரியை 2014-ல் மூடிவிட்டார்கள்.

2016-ல் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனபோது அதன் மதிப்பு சுமார் 230 கோடி டாலர். வேலை பார்த்தவர்கள் சுமார் 1,200 பேர். பழைய கம்பெனி ரொட்டியும் சுட்டது, சொந்த லாரியும் ஓட்டியது என்பதால் 18,500-ஐயும் இதையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல. ஆனாலும் எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பது புரிகிறதல்லவா?

2023 நவம்பரில் ஜாம் தயாரிக்கும் ஸ்மக்கர் நிறுவனம் சுமார் 560 கோடி டாலருக்கு ஹோஸ்டஸை வாங்கியது. பத்து வருஷத்தில் 41 கோடி எங்கே, 560 கோடி எங்கே! ஆனால் அதோடு கதை சுபம் என்று நினைக்க வேண்டாம். விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. 2025-ல் ஹோஸ்டஸின் மதிப்பில் நூறு கோடி டாலருக்கும் மேல் குறைத்துக் கணக்கு எழுத வேண்டியதாயிற்று. இண்டியானாபொலிஸ் பேக்கரியை மூடப் போவதாகவும் அதே ஆண்டு அறிவித்தார்கள்.

திரும்பி வந்தது எது?

பெயர் வந்தது. உறை வந்தது. ஏறக்குறைய அதே ருசியும் வந்தது. முப்பது வருஷம் அடுப்பு முன்னால் நின்றவரின் ஓய்வூதியம் பழையபடி வரவில்லை. அவர்களில் சிலருக்குப் புதிய கம்பெனியில் இடம் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. செய்தித்தாள்கள் 'மீண்டும் வந்தது' என்று எழுதியது பொருளைப் பற்றி மட்டும்.

மாணவ நண்பர்களே, நாளைக்கு நீங்கள் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை கையில் எடுக்கும்போது லாபத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீங்க. கடன் எவ்வளவு, ஓய்வூதியப் பாக்கி எவ்வளவு என்றும் புரட்டிப் பாருங்க. அந்த எண்களுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள்.

என்னோடு படித்த பழைய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நினைத்து உருகுவது நல்ல குணம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் உருகினால் மட்டும் அடுப்பு எரியாது என்பதை ட்விங்கீஸ் காட்டிவிட்டது. நமக்குப் பிடித்த கடையோ, நூலகமோ, நாம் படித்த கல்லூரியோ, அது நடந்துகொண்டிருக்கும்போதே போய் நிற்க வேண்டும். அங்கே வேலை பார்க்கிறவர்களின் பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.