நாத்திகர் என்னும் பெயர்

நாத்திகர் என்றால் இன்று கடவுள் மறுப்பாளர். பண்டைய அளவுகோல் வேறு: மனுநூல் வேதத்தை இகழ்பவனையே நாத்திகன் என்றது. அதனால் படைப்புக் கடவுளை ஏற்காவிடினும் வேதத்தைப் போற்றிய மீமாம்சகர் ஆத்திகராகவே மதிக்கப்பட்டனர். அறநெறியில் தோய்ந்த சமணரும் பௌத்தரும் நாத்திகராயினர். இது பெரும் அநீதி.

நாத்திகருள் காணும் உலகே மெய் என்போருக்குத் தமிழில் உலகாயதர் என்ற பெயரும் உண்டு. மணிமேகலையில் அவர்களை ஒத்த பூதவாதி, அதாவது பூதங்களின் சேர்க்கையே உயிர் என்பவன், தன் கொள்கையைத் தானே எடுத்துரைக்கிறான். கண்ணால் காண்பதே சான்று என்பது அவன் வாதம். 13ஆம் நூற்றாண்டின் சைவ நூலான சிவஞானசித்தியார், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் உலகாயதனையே முதலில் மறுக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் நாத்திகர் என்னும் வசைப்பெயரைச் சிலர் விரும்பியே சூட்டிக்கொண்டனர். பகத்சிங் சிறையில் எழுதிய கட்டுரையை ஜீவானந்தம் ‘நான் நாத்திகன் ஏன்?’ என்று தமிழாக்க, பெரியாரின் இயக்கம் அதை அச்சிட்டது. அதற்காக ஜீவா கைதானார். ‘பகுத்தறிவாளர்’ என்பதும் அவ்வியக்கத்தால் பரவிய பெயரே.