சங்கத்துக்கு வெளியே நடிப்பது

அமெரிக்க நடிகர் சங்கங்களின் விதிகளில் ஒன்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிகவும் கடுமையாகப் படும். சங்கத்தோடு ஒப்பந்தம் போடாத தயாரிப்பாளரிடம் உறுப்பினர் எவரும் வேலை செய்யக் கூடாது என்பதே அது. திரைநடிகர் சங்கம் அதை முதல் விதியாகவே வைத்திருக்கிறது. 2002 மே முதல், படப்பிடிப்பு எந்த நாட்டில் நடந்தாலும் அந்த விதி செல்லும் என்று ஆக்கியது. மீறினால் அபராதம் உண்டு, வெளியேற்றமும் உண்டு. மாதக்கணக்கில் வேலையில்லாமல் அலையும் ஒருவரிடம், வந்த வேலையையும் வேண்டாமென்று சொல் என்பது என்ன நியாயம்? கேள்வி சரியானதுதான். ஆனால் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், இந்த விதி இல்லாத இடத்தில் நடிகர்கள் வென்ற எதுவும் நிலைக்கவில்லை என்பது தெரியும். சங்கங்கள் தவறியது வேறோரிடத்தில். புதியவர் உள்ளே வரும் வழியை அவை குறுக்கிவைத்தன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் விவாதம் எப்போதும் தடம் புரள்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நாடக மேடையில் ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது. அது எத்தனை வாரம் நீளும் என்பதற்கு வரம்பும் கிடையாது. நடிகைகள் பலர் மேடை உடையைச் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். வெளியூர்ச் சுற்றில் வசூல் படுத்தால் முதலாளி நாடகத்தை அங்கேயே நிறுத்திவிடுவார். ஊர் திரும்ப ரயில் கட்டணம் நடிகரின் பாடு. நடிப்பு முதலாளிக்குத் திருப்தி தராவிட்டால் நீக்கலாம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் திருப்திக்கு அளவுகோல் எதுவும் இருக்காது. 1913 மே 26 அன்று 112 பேர் கூடி நடிகர் ஈக்விட்டி சங்கத்தைத் தொடங்கியது இந்த நிலையில்தான். முதல் சில ஆண்டுகள் அவர்கள் பேச்சுவார்த்தையை நம்பினார்கள். 1917இல் முதலாளிகள் ஒரு பொது ஒப்பந்தப் படிவத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. காரணம் எளிது. அந்தப் படிவத்தைக் கேட்கும் நடிகருக்குப் பின்னால், கேட்காத பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். நடிப்புத் தொழிலில் வேலையைவிட ஆட்கள் எப்போதும் அதிகம். அங்கே கூலியை நிர்ணயிப்பது திறமை அல்ல. சும்மா வேண்டுமானாலும் நடிக்கிறேன் என்று முன்வரும் கடைசி ஆள்தான்.

1919 ஆகஸ்ட் 7 மாலை இந்தக் கணக்கு மாறியது. ‘லைட்னின்’ நாடகத்தின் நாயகன் ஃப்ராங்க் பேக்கன், பல்லாண்டு அலைந்த பிறகு ஐம்பத்தைந்தை நெருங்கும் வயதில்தான் பிராட்வேயில் பெரும் வெற்றி கண்டவர். அவரே மேடையேற மறுத்து வெளியே வந்தார். இழக்க நிறைய உள்ளவர் முதலில் வந்ததுதான் அந்தப் போராட்டத்துக்குப் பலம் தந்தது. நடிகை எதெல் பேரிமோர் வந்தார். நடிகை மேரி டிரெஸ்லர் கோரஸ் பெண்களைத் திரட்டித் தனி அமைப்புக்குத் தலைமை ஏற்றார். மேடைத் தொழிலாளர்களும் இசைக் கலைஞர்களும் தோள் கொடுத்தபின் அரங்குகள் இருண்டன. ஒரு மாதத்தில் எட்டு நகரங்களுக்குப் பரவிய அந்த வேலைநிறுத்தம் செப்டம்பர் 6 அன்று முடிந்தபோது முதலாளிகள் சங்கத்தை அங்கீகரித்தார்கள். மூவாயிரத்துக்கும் குறைவாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை பதினான்காயிரம் அளவுக்கு உயர்ந்திருந்தது.

எதிர்த்தரப்பின் முகம் ஜார்ஜ் எம். கோஹன். நடிகர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் என்று எல்லாமாகவும் இருந்தவர். நடிகன் கலைஞன், அவனைக் கூலிக்காரனோடு சேர்க்காதீர்கள் என்பது அவர் தரப்பின் வாதம். அதற்காகவே ஃபிடெலிட்டி என்ற போட்டி அமைப்பு உருவானது. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இன்றும் மனமாரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒத்திகைச் சம்பளம் கேட்பதால் கலையின் எந்தப் பகுதி கெடுகிறது என்பதை யாரும் காட்டியதில்லை. கோஹன் தயாரிப்பாளராகவும் இருந்ததால் சம்பளம் கொடுக்கும் பக்கமும் அவருடையதாக இருந்தது. கோரஸ் வரிசையில் ஆடிய பெண்ணுக்கு அந்த வசதி இல்லை.

அந்த வெற்றியிலும் ஒரு ஓட்டை இருந்தது. சங்கத்தில் சேராதவரையும் முதலாளி அமர்த்திக்கொள்ளலாம் என்ற நிலை தொடர்ந்தது. அதை அடைக்க இன்னும் ஐந்து ஆண்டுகளும் 1924இல் மீண்டும் ஒரு மோதலும் தேவைப்பட்டன. கடைசியில், ஒரு நாடகக் குழுவில் நூற்றுக்கு எண்பது பேர் ஈக்விட்டி உறுப்பினராக இருக்க வேண்டும் என்று நாடக முதலாளிகளில் ஷூபர்ட் தரப்பு ஒப்புக்கொண்டது. ஹாலிவுட்டில் இதே பாடம் தோல்வியாக வந்தது. 1929இல் ஈக்விட்டி அங்கே நுழைந்து, சங்கம் சாராதவர்களோடு நடிக்காதீர்கள் என்று உறுப்பினர்களுக்கு உத்தரவிட்டது. ஸ்டூடியோக்கள் மசியவில்லை, ஒரே கோடையில் முயற்சி சரிந்தது. 1933இல் ஸ்டூடியோக்கள் சம்பளத்தில் பாதியை எட்டு வாரத்துக்கு வெட்டியபின் திரைநடிகர் சங்கம் பிறந்தது. 1937 மே மாதம் வேலைநிறுத்த அச்சுறுத்தலோடு அங்கீகாரம் பெற்றபோது தினக்கூலி நடிகருக்கு 25 டாலர், துணை நடிகருக்கு 5.50 டாலர் என்று குறைந்தபட்சம் எழுதப்பட்டது. இந்த முறை நட்சத்திரங்கள் முன்கூட்டியே உள்ளே வந்திருந்தார்கள். அவர்கள் இல்லாமல் படம் எடுக்க ஸ்டூடியோக்களால் முடியவில்லை.

தனிமனித உரிமை என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. விரும்பியவரிடம் விரும்பிய கூலிக்கு வேலை செய்ய எனக்கு உரிமை இல்லையா? 1947இல் வந்த டாஃப்ட் ஹார்ட்லி சட்டம் இதற்குப் பாதிப் பதில் சொன்னது. சங்க உறுப்பினரைத்தான் அமர்த்த வேண்டும் என்ற கட்டாயம் தடை செய்யப்பட்டது. வெளியாள் முப்பது நாள் வரை சேராமலே நடிக்கலாம், அதன்பின் சங்கத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். உறுப்பினராகாமல் கட்டணத்தை மட்டும் செலுத்தி, இரு பக்கமும் வேலை செய்யும் வழியையும் நீதிமன்றங்கள் திறந்துவிட்டன. ஆக, உரிமை பறிபோகவில்லை. ஆனால் சங்கம் பெற்றுத் தந்த குறைந்தபட்சச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வைத்துக்கொண்டு, மறுநாள் அதே வேலையைக் குறைந்த கூலிக்கு வெளியே செய்வது பக்கத்து நடிகரின் சட்டைப்பையில் கைவைப்பதுதான். 1960இல் ரொனால்ட் ரீகன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம்தான் நடிகர்களுக்கு ஓய்வூதிய, மருத்துவ நிதியைக் கொண்டுவந்தது. சங்க ஒப்பந்தப்படி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பாளர் அதற்குப் பங்கு செலுத்துகிறார். படம் மறுபடி ஒளிபரப்பானால் நடிகருக்குத் தனியாகப் பணம் போகிறது. சங்கத்துக்கு வெளியே எடுக்கும் விளம்பரத்தில் வழக்கம் வேறு. ஒரே தொகை, ஒரே கையெழுத்து. அந்த முகம் எத்தனை ஆண்டு திரையில் வந்தாலும் பெரும்பாலும் மறுபடி காசு வராது. 2000இல் விளம்பர நடிகர்கள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தது இந்த மறுஒளிபரப்புத் தொகைக்காகத்தான். அப்போது ஒரு விளம்பரத்தில் நடித்த நடிகை எலிசபெத் ஹர்லிக்குச் சங்கம் 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. பெரிய பெயரென்று விட்டுவைக்காதது சரியான செயல்.

இனி, சங்கங்களின் குறை. 1919இல் ஜீக்ஃபெல்ட் ஃபாலீஸ் நிகழ்ச்சியின் நட்சத்திரமாக இருந்த கறுப்பினக் கலைஞர் பெர்ட் வில்லியம்ஸ், அந்த நிகழ்ச்சியும் வேலைநிறுத்தத்தில் இறங்கிய நாளில் வழக்கம்போல் வந்து ஒப்பனை செய்து உடை மாற்றி வெளியே வந்தபோது அரங்கம் காலியாக இருந்தது. அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சகநடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் பின்னாளில் பதிவு செய்த செய்தி இது. சங்கத்துக்கு வெளியே இருப்பவர் எல்லோரும் கருங்காலிகள் அல்ல, சிலரைச் சங்கமே வெளியில் விட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிற்காலத்தில் வேறு வடிவில் இதே தொல்லை. சங்க உறுப்பினர் அட்டை இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் அட்டை கிடைக்காது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒரே ஒரு வசனம் பேச வாய்ப்புக் கிடைத்த நடிகை, நுழைவுக் கட்டணத்தைச் சம்பளம் வந்தபின் தருகிறேன் என்று கேட்டார். திரைநடிகர் சங்கம் இசைந்து கடிதம் அனுப்புவதற்குள் தயாரிப்பாளர் வேறொருவரை அமர்த்திவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1998இல் சங்கத்துக்கே சாதகமாக முடிந்தது. சட்டப்படி சங்கம் வென்றது சரி. ஆனால் ஒரு வசனம் பேச வந்தவரிடம் முன்பணம் கேட்டு நின்றதில் பெருமை இல்லை. இன்று திரைநடிகர் சங்கத்தின் நுழைவுக் கட்டணம் சுமார் 3,000 டாலர்.

ஈக்விட்டி இதை உணர்ந்து ஒருமுறை செயல்பட்டது. 2021 ஜூலையில், மேடையில் சம்பளம் வாங்கி நடித்ததற்குச் சான்று காட்டும் எவரும் சேரலாம், சங்க ஒப்பந்த வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அறிவித்தது. பழைய விதி, வாய்ப்பு மறுக்கப்பட்ட நிறத்தவரையும் இனத்தவரையும் வெளியே நிறுத்தியது என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. 2023 மே மாதம் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. உறுப்பினர் வெளி வேலைக்குப் போகக் கூடாது என்ற விதியைத் தளர்த்த ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. 2021இல் திறந்ததை மூடியதற்கும் அப்படியே.