டர்போ இல்லாத காரில் 'பிக்-அப்' கூட்டுவது எப்படி? செலவு செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதுச்சேரி நகருக்குள் காமராஜர் சாலையிலோ மறைமலையடிகள் சாலையிலோ ஓட்டும்போது டர்போ இல்லாத காரில் எந்தக் குறையும் தெரியாது. சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் ஊரில் 80 பிஎஸ் பவரே தாராளம். அதே கார் குடும்பத்தோடு ஈசிஆரில் மரக்காணம் தாண்டும்போதுதான் பிரச்னை வருகிறது. முன்னால் ஒரு லாரி, எதிரே தூரத்தில் ஒரு பேருந்து. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் 'வண்டி இழுக்கல' என்ற எண்ணம் வரும்.

அதன்பிறகு பலரும் போவது ஆக்சஸரீஸ் கடைக்குத்தான். ஏர் ஃபில்டர் மாற்றலாம், சைலன்சர் மாற்றலாம், ரீமேப் செய்யலாம், டர்போவே போடலாம் என்று யோசனைகள் வரிசை கட்டும். இதில் எது பலன் தரும், எது சத்தம் மட்டும் தரும், எது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்? பார்க்கலாம்.

டர்போ இல்லை என்றால் என்ன அர்த்தம்?

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். டர்போ இல்லாத இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. வெளியில் காற்றழுத்தம் எவ்வளவோ, அதற்குள்தான் அதன் சக்தி. டர்போ இன்ஜினில், வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு விசிறி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், பவரும் கூடும்.

கடல் மட்டத்தில் இருக்கும் புதுச்சேரி இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த ஊர். இங்கே காற்றழுத்தம் முழுசாகக் கிடைக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஊருக்குள் நன்றாக ஓடிய கார் மலைப்பாதையில் மூச்சு வாங்குவதற்கு இதுவும் காரணம். அது காரில் உள்ள கோளாறு அல்ல.

ஒரே 1.2 லிட்டர், இரண்டு குணம்

திருவள்ளூர் ஆலையில் தயாராகும் சிட்ரோயன் சி3 நல்ல உதாரணம். 2022-ல் அறிமுகமானபோதே டர்போ இல்லாத 1.2 லிட்டர், டர்போ உள்ள 1.2 லிட்டர் என இரண்டு இன்ஜின்களோடு வந்தது. இரண்டிலும் மூன்று சிலிண்டர்கள்தான்.

* டர்போ இல்லாதது: 82 பிஎஸ் பவர், 3,750 ஆர்பிஎம்மில் 115 நியூட்டன் மீட்டர் டார்க்
* டர்போ உள்ளது: 110 பிஎஸ் பவர், 1,750 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் டார்க்

உச்ச பவரில் வித்தியாசம் 28 பிஎஸ். ஆனால் ஓட்டும்போது தெரியும் வித்தியாசம் அதைவிடப் பெரியது. 1,750 ஆர்பிஎம்மில் டர்போ இன்ஜினின் கையில் ஏறக்குறைய 47 பிஎஸ் இருக்கும். டர்போ இல்லாததில் அதே வேகச்சுழற்சியில் 29-ஐத் தாண்டாது. 'டர்போ கார் சும்மா தொட்டாலே பாயுது' என்று சொல்வது இதனால்தான்.

முதல் வழி: கியரைக் குறையுங்கள்

பவர் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வருவது. டர்போ இல்லாத காரில் பவர் மேலே, 4,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரைக்குள் இருக்கிறது. ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டே முழுசாக மிதித்தாலும், மேலே சொன்ன 82 பிஎஸ் இன்ஜின் 30 பிஎஸ் அளவுக்குத்தான் தரும். கியரைக் குறைத்து 4,000-க்குக் கொண்டுவந்தால் அதே இன்ஜின் 60 பிஎஸ்-ஐத் தாண்டும். அதாவது, பைசா செலவில்லாமல் இரண்டு மடங்கு!

மைலேஜுக்காக எப்போதும் டாப் கியரிலேயே ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்ஜின் சத்தம் கூடினாலே பயம் வரும். டேக்கோமீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை, இன்ஜின் சூடேறிய பிறகு, சில விநாடிகள் 5,000 ஆர்பிஎம் போவதால் நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. முக்கியமான விஷயம்: ஓவர்டேக் செய்ய வெளியே வந்த பிறகு கியர் மாற்றக் கூடாது. வெளியே வருவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

இரண்டாவது வழி: எடை

ஏறக்குறைய 1,000 கிலோ எடையுள்ள காரில் டிரைவர் மட்டும் போனால் மொத்தம் 1,070 கிலோ. ஐந்து பேரும் 50 கிலோ சாமான்களும் ஏறினால் 1,400 கிலோ. தனியாகப் போகும்போது இருந்த அதே பிக்-அப் வேண்டுமென்றால் 82 பிஎஸ் போதாது, 107 பிஎஸ் தேவைப்படும். கிட்டத்தட்ட டர்போ மாடலின் பவர்! டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமான்களை இறக்கிவைப்பதே ஒரு 'டியூனிங்' தான். அழகுக்காகப் பெரிய சைஸ் அலாய் வீல் போடுவது இதற்கு நேர் எதிர். சக்கரத்தின் எடை கூடினால் கார் கிளம்புவதும் மந்தமாகும், நிற்பதும் தாமதமாகும்.

மூன்றாவது வழி: இழந்த பவரை மீட்பது

'முன்னெல்லாம் நல்லா இழுத்துச்சு, இப்ப இல்ல' என்றால் புதிதாக எதையும் பொருத்தத் தேவையில்லை. அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, வழுக்கும் கிளட்ச், முழுசாக விடாத பிரேக், குறைந்த டயர் காற்று என ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பவரைத் தின்னும். இவற்றைச் சரிபார்க்க ஆகும் செலவு, எந்த டியூனிங் செலவையும்விடக் குறைவு.

ஃபில்டர், சைலன்சர், ரீமேப்: எவ்வளவு கிடைக்கும்?

பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஓட்டுபவருக்குத் தெரியும் அளவு மாற்றம் வராது. கூடுவது சத்தம். பானெட்டுக்குள் திறந்த நிலையில் வைக்கும் கோன் ஃபில்டர், ஏப்ரல், மே வெயிலில் இன்ஜினைச் சுற்றியுள்ள சூடான காற்றையே இழுக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் பவர் குறையவும் வாய்ப்பு உண்டு.

ரீமேப் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியு கணினியின் கணக்குகளை மாற்றுவது. டர்போ காரில் காற்றழுத்தத்தையே கூட்ட முடியும் என்பதால் 20 சதவீதத்துக்கு மேலும் பவர் ஏறும். டர்போ இல்லாததில் கூட்டுவதற்குக் காற்று இல்லை. 5 முதல் 10 சதவீதம் கிடைத்தாலே பெரிது. 82 பிஎஸ் காரில் அது 4 முதல் 8 பிஎஸ் தான். வாரன்டி போகும் அபாயமும் சேர்ந்தே வரும்.

95, 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பவர் கூடுமா என்ற கேள்வியும் உண்டு. ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல. தானாக வெடித்து 'நாக்கிங்' ஆவதைத் தாங்கும் திறன். சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த இன்ஜினுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை.

டர்போவே பொருத்திவிடலாமா?

டர்போ இல்லாத இன்ஜின்களில் கம்ப்ரஷன் விகிதம் பொதுவாக அதிகம். அதன்மேல் அழுத்தமான காற்றையும் தள்ளினால் நாக்கிங் ஏற்பட்டு பிஸ்டனே உடையலாம். எனவே டர்போவோடு பிஸ்டன், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், கூலிங், கிளட்ச், ஈசியு என எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும். சி3-யில்கூட டர்போ இல்லாததற்கு 5 கியர், டர்போவுக்கு 6 கியர் என கியர்பாக்ஸே வேறு. இவ்வளவு செலவு செய்வதைவிட, இருக்கும் காரை விற்றுவிட்டு டர்போ கார் வாங்குவதுதான் லாபம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி புகை, சத்தம் வரம்பை மீறினால் பிரிவு 190(2)-ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது எதிராக நிற்கலாம்.

அப்போ என்னதான் செய்வது?

* நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள்: சரியான சர்வீஸ், சரியான டயர் காற்று போதும்.
* அடிக்கடி ஈசிஆரில் போகிறவர்கள்: கியர் குறைக்கும் பழக்கம், எடை குறைப்பு. பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் நல்ல டயர், பிரேக் பேட்.
* எப்போதும் முழு லோடு, மலைப்பயணம்: அடுத்த காரை டர்போவாகப் பாருங்கள். வாங்கும் முன் குடும்பத்தோடு டெஸ்ட் டிரைவ் போங்கள்.
* வேகம்தான் ஆசை என்றால்: அதற்கு இடம் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்கள், பொதுச் சாலை அல்ல.

மரக்காணம் - புதுச்சேரி இடையே 46 கி.மீ. தூரத்தை நான்கு வழிச் சாலையாக்க 2025 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்தப் பணி முடியும்வரை இருவழிச் சாலையில், எதிரே வண்டி வரும் தடத்தில் ஏறித்தான் ஓவர்டேக் செய்ய வேண்டும். ரீமேப் தரும் 8 பிஎஸ்-ஐ நம்பி அந்தத் தடத்தில் ஏற முடியாது. வழி தெளிவாகத் தெரியவில்லை என்றால், எவ்வளவு பவர் இருந்தாலும் லாரிக்குப் பின்னால் இரண்டு நிமிடம் பொறுப்பதே சரி.