கால் பையும் 0.785-உம்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் இரண்டு கிராஃப் கால்குலேட்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2004-இல் வந்த டிஐ-84 பிளஸ். மற்றது அதற்கு ஆறு வயது மூத்த டிஐ-89. இரண்டுக்கும் ஒரே கணக்கு: 1-ஐ, 'எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1' என்பதால் வகுத்து, 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். 84-இன் திரையில் .7853981634 என்று வரும். 89-இலோ பை மேலேயும் 4 கீழேயுமாகப் பின்னமே வந்து நிற்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கால் பை.

விடை ஒன்றுதான், வந்த வழி வேறு. 84-க்கு டான் நேர்மாறின் வகைக்கெழுதான் இந்தச் சார்பு என்று தெரியாது. அது காஸ்–குரோன்ரோட் முறைப்படி இடைவெளிக்குள் சில புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மதிப்பைக் கண்டு, உரிய எடை கொடுத்துக் கூட்டுகிறது. பிழை அனுமதித்த அளவுக்குள் அடங்கும்வரை இடைவெளியைத் துண்டாக்கிக்கொண்டே போகிறது. 89 நாம் நோட்டில் போடுவதுபோல் குறியீடாகவே தொகையிடுகிறது. அதன் முன்னோடி, 1995-இல் வந்த டிஐ-92. ஹவாயில் 'டிரைவ்' என்ற இயற்கணித மென்பொருளை எழுதியவர்களின் கைவேலை அதில் இருந்தது.

அப்படியானால் 89தான் கெட்டிக்காரன் என்று முடித்துவிடலாமா? எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. எக்ஸ் வர்க்கத்தின் எதிர்மதிப்பை ஈ-யின் அடுக்காக வைத்து, எல்லைகள் கொடுக்காமல் தொகையிடச் சொன்னால், கேட்ட கேள்வியையே திரையில் திருப்பி எழுதிவிட்டு நின்றுவிடும். அதற்கு எளிய சூத்திரம் கிடையாது, குற்றம் இயந்திரத்தினுடையதல்ல. 0 முதல் 1 வரை எண்ணாகக் கேட்டால் அதுவும் 84-ஐப் போலவே 0.7468 என்று தசமத்தில்தான் பேசும்.

கற்பவருக்கு 84-இன் மௌனம் ஒரு விதத்தில் நல்லது. தசமத்தைப் பார்த்ததும் இது எங்கிருந்து வந்தது என்று தேடத் தோன்றும். முதல் கணக்கின் விடையைப் பையால் வகுத்தால் .25 என்று பளிச்சென்று விழும். அதேபோல், 2 ரேடியனின் சைனை எடுத்து, அதற்குச் சைன் நேர்மாறு கேட்டுப் பாருங்கள். 2 திரும்பி வராது, 1.141592654 வரும். அந்த வாலைப் பார்த்தாலே பையிலிருந்து 2 போயிருக்கிறது என்று புரிந்துவிடும். சைன் நேர்மாறின் முதன்மை மதிப்பு அரைப் பையைத் தாண்டாது என்ற விதியை நான் இதைவிட எளிதாக யாருக்கும் விளக்கியதில்லை.

வரைபடத்திலும் இப்படித்தான். 1 கழித்தல் எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்துத் தொகையிட்டால் ஒரு மாணவர் சைன் நேர்மாறு என்பார். இன்னொருவர் கோசைன் நேர்மாறுக்கு முன் கழித்தல் குறி போடுவார். 89 முதல் விடையைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும்; கேட்காமல் மாறிலியையும் சேர்க்காது. இரண்டையும் 84-இல் வரைந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடுகள், எங்கே அளந்தாலும் அரைப் பை இடைவெளியில் போகும். தொகையிடல் மாறிலி கண்ணுக்குத் தெரிவது அங்கேதான். (89-ஆலும் இதை வரைய முடியும். ஆனால் விடை கையில் கிடைத்தபின் யார் வரைகிறார்கள்?)

இரண்டுக்கும் பொதுவான பள்ளம், பாகை அமைப்பு. டான் நேர்மாறை 0 முதல் 1 வரை தொகையிட்டால் 0.4388 வர வேண்டும். கால்குலேட்டர் பாகையில் இருந்தால் 25.14 வரும். எந்த எச்சரிக்கையும் வராது. அதற்குச் சற்றுமுன் போட்ட முதல் கணக்கில் முக்கோணவியல் சார்பே இல்லாததால் விடை சரியாகவே வந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் பலரும் அடுத்ததில் விழுகிறார்கள். நேர்மாறு விசையில் உள்ள கழித்தல் 1-ஐ அடுக்கு என்று எண்ணி, தலைகீழ் மதிப்புக்கு அதை அழுத்துவோரும் உண்டு. காட் நேர்மாறுக்கு 84-இல் தனி விசை இல்லை. எக்ஸின் தலைகீழுக்கு டான் நேர்மாறு எடுத்தால் கழித்தல் 1-இல் கழித்தல் கால் பை வரும். அரைப் பையிலிருந்து எக்ஸின் டான் நேர்மாறைக் கழித்தால் முக்கால் பை வரும். காட் நேர்மாறின் வீச்சு 0 முதல் பை வரை என்று வைக்கும் பாடநூல்களுக்கு இரண்டாவதுதான் சரி.

அமெரிக்காவில் கல்லூரி நுழைவுக்கான ஏசிடி தேர்வு, இயற்கணிதம் போடும் 89-ஐ உள்ளே விடுவதில்லை. பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலையில் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வு இரண்டையும் விடுகிறது. ஆனால் எதைத் தொகையிட்டோம் என்பதை விசைப்பெயர்களில் எழுதாமல் முறையான தொகையீட்டுக் குறியோடு தாளில் எழுத வேண்டும். தசமத்தில் தந்தால் மூன்று இடம் சரியாக இருக்க வேண்டும். கால் பை என்று எழுதினாலும் .785 என்று எழுதினாலும் அங்கே மதிப்பெண் ஒன்றுதான்.