உடையவர் கண் போதுமா? கெல்லி பார்ன்ஸ் மண் அணை உடைப்பு, 1977

சிறிய தனியார் அணைகளில் அரசு தலையிடத் தேவையில்லை என்போரிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு: கரை உடைந்தால் முதல் இழப்பு உடையவருக்கே, ஆகவே அவரே அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பார் என்பது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா ஓடைக்குக் குறுக்கே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை இவ்வாதத்தைப் பொய்ப்பிக்கிறது. அணை ஒரு விவிலியக் கல்லூரியின் சொத்து. கல்லூரி வளாகம் அணைக்குக் கீழேயே இருந்தது. 1977 நவம்பர் 6 பின்னிரவு ஒன்றரை மணியளவில் கரை உடைந்து, 39 பேர் மாண்டனர். அவர்களில் 20 பேர் குழந்தைகள்.

1899இல் மரச்சட்டங்களுக்குள் கல் நிரப்பிக் கட்டிய தடுப்பே இந்த அணையின் தொடக்கம். பின்னர் அதன்மேல் மண் கொட்டிக் கட்டம் கட்டமாக உயர்த்தியதில், கரை சுமார் 40 அடி உயரம் கண்டது. நீர்மின் உற்பத்தி 1957இல் நின்றது. தண்ணீர் மட்டும் தேங்கியே இருந்தது. இந்த இருபது ஆண்டுகளே முக்கியமானவை என்பது என் கருத்து. மின்னாக்கி ஓடும்வரை குழாயையும் கரையையும் அடிக்கடி பார்த்தாக வேண்டும். பயன் போனபின் அணை வெறும் ஏரியாகிவிடுகிறது. போய்ப் பார்க்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லை.

கீழ்ப்பக்கச் சரிவு மிகச் செங்குத்தானது. அதில் 12 அடி உயரம், 30 அடி அகலத்துக்கு மண் சரிந்திருந்ததை 1973இல் எடுத்த ஒளிப்படம் காட்டுகிறது. கரைக்குள் கசியும் நீர் மண்துகளை அரித்து வெளியேற்றினால் உள்ளே துளை நீளும். ஊறிய சரிவோ தன் எடையையே தாங்காது. கூட்டரசின் விசாரணைக் குழு உடைப்புக்கு ஒற்றைக் காரணம் சொல்லவில்லை. சரிவு, உள்ளரிப்பு, மழையில் ஊறிய கரை ஆகியவை சேர்ந்தே அணையை வீழ்த்தியிருக்கலாம் என்றது. மழைமேல் மட்டும் பழிபோட இதில் இடமில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கரை தன் நோயைக் காட்டிவிட்டது. ஆனால் அந்தச் சரிவைப் பார்த்து இது ஆபத்து என்று அறியப் பொறியியல் பயிற்சி வேண்டும். அக்கறை அதற்கு ஈடாகாது. தம் பிள்ளைகளைக் கரைக்குக் கீழே உறங்க வைத்தவர்களுக்கு அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

வெளியார் சோதனைக்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. நாட்டின் அணைகளைச் சோதிக்க இராணுவப் பொறியாளர் படைக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமே அதிகாரம் தந்திருந்தது. தனியார் அணைகள் பட்டியலில் ஏறின. சோதனைக்குப் பணம் வரவில்லை. டொக்கோவா உடைப்புக்குப் பின்னரே, ஜார்ஜியாவின் ஆளுநராக முன்பு இருந்த அதிபர் கார்ட்டர், உடைந்தால் உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய தனியார் அணைகளைச் சோதிக்க உத்தரவிட்டார். அப்படிச் சோதித்த அணைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. ஜார்ஜியா தன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை 1978இல் இயற்றியது. உடைந்தால் மனித உயிர் போகுமா என்பதே அச்சட்டம் அணைகளைத் தரம்பிரிக்கும் அளவுகோல்.